குழந்தை அ

போனை அணைத்துப் பிளாஸ்டிக் கூடையில் போட்டு, அந்தோணி அண்ணன் நீட்டிய பதினேழாம் நம்பர் டோக்கனை வாங்கிக் கைப்பையில் வைத்து, மாடியேறி, மின்விசிறிக்கு நேர் கீழே நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்து, சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றிய பிறகுதான் மங்கையர்க்கரசிக்கு அது உறைத்தது. அணைத்துப் போட்ட போனுக்கு மிஸ்டு கால் எங்கிருந்து வரும்? நேற்று சாயந்திரம் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே அவள்தான் சொன்னாள், இந்த வருஷம் விடைத்தாள் திருத்தும் முகாமில் புதுச் சட்டம் போட்டிருக்கிறார்கள், பத்து மணிக்குப் போனை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு மணிக்குத்தான் திருப்பித் தருவார்களாம், என்னமோ நாங்கள் ராணுவ ரகசியத்தை வெளியே சொல்லிவிடப் போகிறோம் பாருங்கள் என்று. அந்தச் சப்பாத்தி உப்பி எழுவதற்குள் அதே வாயால் மகனுக்குப் பாடமும் எடுத்தாள். திண்டுக்கல்லில் பஸ் ஏறியதும் ஒரு மிஸ்டு கால். ஒட்டன்சத்திரத்தில் இறங்கியதும் இரண்டு. அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து நர்சரி போய்ச் சேர்ந்ததும் மூன்று. திருப்பிச் சொல்லு என்றாள். திருப்பிச் சொன்னான். இன்னொரு தடவை என்றாள். இன்னொரு தடவையும் சொன்னான். செவ்வேளுக்கு இருபத்திரண்டு வயது. ஆறு மாதமாக அம்பிளிக்கைக்குப் பக்கத்தில் ஒரு நாற்றுப் பண்ணையில் வேலை பார்க்கிறான், குழித்தட்டில் குழிக்கு ஒரு விதையாகப் போடுகிற வேலை. தினமும் அவன் அப்பா தனபாலன்தான் பைக்கில் கொண்டுபோய் விட்டுவிட்டு அப்படியே மின்வாரிய ஆபீசுக்குப் போவார். போன ஞாயிற்றுக்கிழமை செவ்வேள் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, “புதன்கிழமைல இருந்து நான் பஸ்ல போறேன். அப்பா வேணாம்” என்றான். ஏன் புதன்கிழமை என்று யாரும் கேட்கவில்லை. தனபாலன், “போகட்டும் விடு” என்றார். அவருக்கென்ன, சொல்லிவிடுவார். இன்றைக்குப் புதன்கிழமை. மணி பத்து பத்து. இந்நேரம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருப்பான், பழனி பஸ் நிற்கிற இடத்தில், தோளில் அந்த நீலப் பையோடு. எல்லாரையும் முன்னால் ஏற விட்டுவிட்டுக் கடைசியில் ஏறுவான். ஏறுவானா, இல்லை எல்லாரும் ஏறி முடிக்கட்டும் என்று பஸ் கிளம்புகிற வரைக்கும் நின்றுகொண்டே இருப்பானா? குழந்தையின் மனம் எப்படிப் படிப்படியாக வளர்கிறது என்று நாளைய ஆசிரியைகளுக்கு முப்பது வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறவள், அணைத்த போனுக்கு மூன்று மிஸ்டு கால் ஏற்பாடு செய்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். இதை யாரிடமாவது சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவளுக்கே சிரிப்பு வந்தது. முதல் விடைத்தாளை எடுத்தாள்.

அவளுக்குத் திருத்துகிற வேலை பிடிக்கும். வெளியில் சொல்லமாட்டாள், சொன்னால் மற்றவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், எல்லாருக்கும் அது தலைவலி பிடித்த வேலை. அவளுக்கோ அந்தச் சிவப்பு மை, கட்டை அவிழ்க்கும்போது வருகிற சணல் வாசனை, ஒரு தாளை முடித்து அடுத்ததை எடுக்கும்போது உண்டாகிற சின்னத் திருப்தி, கிளைகளில் காக்கை மாறி மாறி உட்காருகிற ஜன்னலோர வேப்பமரம், எல்லாமே பிடிக்கும். யாரென்று தெரியாத ஒரு பெண் மூன்று மணி நேரம் கை வலிக்க எழுதியிருக்கிறாள், அதை வேறு யாரும் படிக்கப்போவதில்லை, நான் ஒருத்திதான் படிக்கப்போகிறேன் என்று நினைத்தால் ஒவ்வொரு தாளும் தனக்கு வந்த கடிதம் மாதிரி இருக்கும். ஏழாவது கேள்வி பத்து மதிப்பெண். குழந்தையின் அறிதிறன் வளர்ச்சி நிலைகளை எடுத்துக்காட்டுடன் விளக்குக. முதல் தாளில் புலன் இயக்க நிலை என்று தொடங்கி அழகாக நாலு நிலையும் எழுதியிருந்தாள் ஒருத்தி. சரி, எட்டு. அடுத்தவள் நாலுக்குப் பதிலாக ஐந்து நிலை எழுதியிருந்தாள், ஐந்தாவது சொந்தக் கற்பனை. அந்தத் துணிச்சலுக்காகவே அரை மதிப்பெண் போடலாம் போலிருந்தது, விடைக்குறிப்பு இடம் கொடுக்கவில்லை. “அரசி மேடம், இதைப் பாருங்க” என்று பக்கத்து மேசையிலிருந்து ஷகிலா பானு ஒரு தாளை நகர்த்தினாள். வத்தலக்குண்டுக் கல்லூரிக்காரி, வருஷா வருஷம் இந்த முகாமில் மட்டும் சந்திக்கிற சிநேகிதி. தாளில், ‘டம்ளர்காரர் என்னும் அறிஞரின் கூற்றுப்படி’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. “யாரு மேடம் இந்த டம்ளர்காரர்?” பானு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மங்கையர்க்கரசிக்குக் காது சூடாகியது. டம்ளர்காரர் அவளுடைய தயாரிப்பு. வெளிநாட்டுப் பெரியவர்களின் பெயர்கள் பிள்ளைகளின் வாயில் நுழைவதில்லை, நுழைந்தாலும் ஒருவர் சொன்னதை இன்னொருவர் தலையில் கட்டிவிடுகிறார்கள். அதனால் வகுப்பில் அவள் பட்டப்பெயர் வைத்துவிட்டாள். ஒரே அளவான இரண்டு டம்ளரில் தண்ணீர் ஊற்றி, பிள்ளையின் கண்ணெதிரிலேயே ஒன்றை மட்டும் ஒல்லியான உயர டம்ளருக்கு மாற்றி, இப்போது எதில் அதிகம் என்று கேட்டவர் டம்ளர்காரர். பிறந்ததிலிருந்து சாகிற வரைக்கும் வாழ்க்கையை எட்டுப் படியாக அடுக்கி, படிக்கு ஒரு மல்லுக்கட்டு வைத்தவர் எட்டுப்படிக்காரர். பிள்ளைக்குத் தனியாகச் செய்ய வராததைப் பெரியவர் கை கொடுத்துச் செய்யவைக்கலாம், கட்டடம் எழும்புகிற வரைக்கும் சாரம் கட்டுகிறோமே அந்த மாதிரி, எழும்பியதும் பிரித்துவிட வேண்டும் என்றவர்கள் மொத்தமாகச் சாரக்காரர்கள். பரீட்சையில் நிஜப் பெயரை எழுதுங்கடி என்று தலைபாடாக அடித்துக்கொள்வாள். எவளோ ஒருத்தி பதற்றத்தில் மறந்திருக்கிறாள், பாவம். “மார்க் குறைச்சிராதீங்க பானு, விஷயத்தைச் சரியாத்தான் எழுதியிருக்கா” என்றாள். “உங்க பிள்ளையா?” என்றாள் பானு. “யாரு கண்டா, நம்ம நோட்ஸ் மாவட்டம் பூராவும் ஜெராக்ஸ் கடையில கிடைக்குது” என்றாள் மங்கையர்க்கரசி. அதைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மணி பத்தே முக்கால். பஸ் ரெட்டியார்சத்திரம் தாண்டியிருக்கும். தாண்டியிருக்க வேண்டும். கண்டக்டர் சத்திரம் சத்திரம் என்று கூவினால் அதுதான் தான் இறங்க வேண்டிய ஊர் என்று இறங்கிவிடுவானோ? முதலில் வருவது ரெட்டியார்சத்திரம், நீ இறங்க வேண்டியது அடுத்தது, ஒட்டன்சத்திரம், பலகையைப் படித்துப் பார்த்து இறங்கு என்று எட்டுத் தடவை சொல்லியிருக்கிறாள். படிப்பான். எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டால்?

ஏழு மாதத்தில்தான் கழுத்து நின்றது. மற்றப் பிள்ளைகளுக்கு மூன்று நாலு மாதத்தில் நிற்கும். பதின்மூன்று மாதத்தில் உட்கார்ந்தான், இரண்டரை வயதில் நடந்தான், நாலு வயதில் முதல் சொல். அந்தச் சொல் அம்மா இல்லை, தண்ணி. பீரோவின் பின்பக்கத்தில் அவள் ஒரு தாளை ஒட்டி வைத்திருந்தாள், இந்த வயதில் இது வர வேண்டும் என்கிற பட்டியல், வந்ததற்கெல்லாம் பென்சிலில் டிக். பாடப்புத்தகத்திலிருந்து அவளே எடுத்து எழுதியது. வேறு தாய்மார்களுக்கு அந்தப் பட்டியல் தெரியாது, அதனால் நிம்மதியாகத் தூங்கினார்கள். அவளுக்குத் தெரியும், அதுதான் வினை. காலையில் வகுப்பில் போய் இரண்டாம் வயதில் குழந்தை இரண்டு சொற்களை இணைத்துப் பேசும் என்று சொல்லிவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து ஒரு சொல்லுக்காக அவன் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கொஞ்சம் மெதுவாக வருவான், ஆனால் வருவான் என்றார் டாக்டர். எங்கே வருவான், எவ்வளவு தூரம் வருவான் என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதே பெரிய புண்ணியம் என்று இப்போது தோன்றுகிறது. எட்டுப்படிக்காரர் பார்த்திருந்தால் செவ்வேளை எந்தப் படியில் நிறுத்துவது என்று தெரியாமல் முழித்திருப்பார். ஒரே நாளில் மூன்று படியில் நிற்பான். காலையில் சட்டைப் பொத்தான் போடும்போது இரண்டாவது படி, நானே செய்வேன், தொடாதே. நர்சரியில் ஒரு நாளைக்கு நாற்பது தட்டு விதை போட்டு, ஒரு குழிகூடத் தவறவிடாமல், முதலாளியே வந்து பார்த்துவிட்டுப் போகிறபோது நாலாவது படி, உழைப்பின் பெருமை. ஞாயிற்றுக்கிழமை வந்து அப்பா வேணாம் என்கிறபோது ஐந்தாவது, நான் யார் என்கிற படி. அவளும் ஒரு படியில்தான் நிற்கிறாள். ஐம்பத்து நாலு வயது, ஏழாவது. அடுத்தவர்களை ஆளாக்கிவிடுகிறோமா, இல்லை தேங்கிப் போகிறோமா என்கிற மல்லுக்கட்டு. தேங்கவில்லை, தேங்கவில்லை என்று சொல்லிக்கொண்டாள். முப்பது வருஷத்தில் எத்தனை டீச்சர்களை அனுப்பியிருக்கிறேன். எட்டாவது தாளைப் புரட்டி ஏழாம் கேள்வியைத் தேடியவளுக்கு முதல் வரியிலேயே கை நின்றுவிட்டது. ‘எடுத்துக்காட்டாகக் குழந்தை அ-வை எடுத்துக்கொள்வோம்.’

குழந்தை அ வேறு யாருமில்லை, செவ்வேள்தான். வகுப்பில் யாருக்கும் தெரியாது. பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தக் குறிப்பை எழுதினாள், அதற்குப் பிறகு ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. இந்தப் பெண்ணின் கையெழுத்து குண்டு குண்டாக, அக்கறையாக இருந்தது. ‘இரண்டாம் நிலையில் உள்ள குழந்தை தன் இடத்திலிருந்து மட்டுமே உலகைப் பார்க்கும். தான் காண்பதையே மற்றவரும் காண்பதாக எண்ணும். குழந்தை அ தொலைபேசியில் பேசும்போது, சாப்பிட்டாயா என்று கேட்டால் வாயால் பதில் சொல்லாது, தலையை ஆட்டும். மறுமுனையில் இருப்பவருக்கு அது தெரியாது என்பதை அதனால் அறிய இயலாது.’ ஆமாம். தனபாலன் அப்போது தாராபுரத்தில் இருந்தார், சாயந்திரம் சாயந்திரம் போன் பண்ணுவார், அவன் ரிசீவரைக் காதில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டுவான். “தலையாட்டுனா அப்பாவுக்குத் தெரியாதுடா. வாயத் தொறந்து சொல்லு” என்று அவள் பக்கத்திலிருந்து சொல்வாள். அதற்கும் தலையாட்டுவான். தனபாலன் அந்தப் பக்கத்திலிருந்து, பரவாயில்லை விடு, ஆட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது என்பார். இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள், சிரித்துச் சிரித்து அது வேறு யாரோ ஒரு பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. அடுத்தது டம்ளர். ‘ஒன்பது வயதில் குழந்தை அ-வுக்கு நீர்ச் சோதனை நடத்தப்பட்டது. உயரமான டம்ளரில்தான் நீர் அதிகம் என்று கூறியது. ஒன்பது வயதாகியும் குழந்தை அ இந்நிலையைக் கடக்கவில்லை.’ அதோடு பெண் புள்ளி வைத்து, அடியில் கோடும் போட்டிருந்தாள். மங்கையர்க்கரசி சிவப்புப் பேனாவைப் பிடித்தபடியே இருந்தாள். விடைக்குறிப்பின்படி எல்லாம் சரி. கடக்கவில்லை. பதின்மூன்று வருஷமாக, ஒவ்வொரு ஜூன் மாதமும், ஐம்பது பேர் நோட்டைத் திறந்து அந்த வரியை எழுதிக்கொள்கிறார்கள். அவனுக்கு மீசை வந்துவிட்டது, அப்பாவை விட உயரமாகிவிட்டான், குழந்தை அ-வுக்கு மட்டும் ஒன்பது வயது. ஏன் மாற்றவில்லை? நேரமில்லை என்று சொல்லலாம். அது பொய். அன்றைக்குப் பிறகு அவள் அவனைச் சோதிக்கவே இல்லை, பீரோவுக்குப் பின்னால் இருந்த தாளையும் கிழித்துவிட்டாள், அதனால் எழுத ஒன்றும் இல்லை. அன்றைக்குச் சாப்பாட்டு மேசை, சாயங்கால வெயில், ஜன்னல் கம்பியின் நிழல் மூன்று டம்ளர் மேலும் விழுந்திருந்தது. அவன் டம்ளரைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னமோ கேட்டான். பதில் சொல்வதற்கு முன்னால் அவன் ஒன்று கேட்டான். என்ன கேட்டான்? குறிப்பில் அது இல்லை. அவள் எழுதவில்லை. நாக்கு நுனியில் நிற்கிறது, வரமாட்டேன் என்கிறது.

மணியடித்தது, டீ. அந்தோணி அண்ணன் கீழே படிக்கட்டுப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார், மடியில் போன் கூடை, அடைகாக்கிற கோழி மாதிரி. உளுந்து வடை சுடச்சுட இருந்தது. ஒரு வடையைத் தின்றுகொண்டே கூடையைப் பார்த்தாள், அவளுடைய போனின் சிவப்பு உறை மேலாகவே தெரிந்தது. மணி பதினொன்று இருபது. ஒட்டன்சத்திரத்தில் இறங்கி டவுன் பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்துகொண்டிருப்பான். அந்தோணி அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார். “என்ன மேடம், வீட்ல எதும் அவசரமா? ரெண்டு நிமிஷம் எடுத்துப் பேசிட்டுக் குடுங்க. சீஃப் சார் மேலதான் இருக்காரு, பாக்க மாட்டாரு” என்று கூடையை நீட்டினார். அவள் கை நீண்டது. டோக்கனைக்கூட எடுத்துவிட்டாள். ஆனால் செவ்வேளுக்கு நடந்துகொண்டே பேச வராது. போன் அடித்தால் நின்ற இடத்திலேயே நிற்பான், அது நடுரோடாக இருந்தாலும் சரி, லாரி ஹாரன் அடித்தாலும் சரி, பேசி முடித்து, போனைப் பையில் வைத்து, பையின் ஜிப்பை இழுத்து மூடிய பிறகுதான் அடுத்த அடி வைப்பான். ஒட்டன்சத்திரம் மார்க்கெட் ரோட்டில் தக்காளி லாரிகளுக்கு நடுவில் அவன் நிற்பது கண்ணுக்கு முன்னால் வந்தது. இப்போது நான் கூப்பிட்டால் அது எனக்காகத்தான், அவனுக்காக இல்லை. சாரம் கட்டுவது பெரிய காரியமில்லை, பிரிக்கிறதுதான் காரியம் என்று வகுப்பில் வாய் கிழியச் சொல்கிறோமே. “வேண்டாம் அண்ணே, ஒரு மணிக்கே வாங்கிக்கிறேன்” என்றாள். “சரிங்க மேடம்” என்று கூடையைத் திரும்ப மடியில் இழுத்துக்கொண்டார். படியேறும்போது, போனை வாங்கியிருக்கலாம் என்று தோன்றியது. இன்னொரு வடை எடுத்திருக்கலாம் என்றும் தோன்றியது.

பிறகு ஒரு தாள், இன்னொரு தாள். எட்டாவது தாளை மதிப்பெண் போடாமல் ஓரமாக வைத்திருந்தாள். தலைமைத் தேர்வாளர் நல்லசாமி சார் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்து, “என்ன மேடம், எப்பவும் நீங்கதான முதல்ல முடிப்பீங்க, இன்னைக்கு ஸ்லோவா போகுது” என்றார். “வெயில் சார்” என்றாள். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு வெயிலாம். பன்னிரண்டரை. வந்து சேர்ந்திருக்க வேண்டும், வழி கேட்டிருந்தாலும், ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறியிருந்தாலும் இந்நேரம் சேர்ந்திருக்க வேண்டும். சேராவிட்டால் முதலாளி தனபாலனுக்குப் போன் செய்திருப்பார், தனபாலன் முகாம் நடக்கிற இந்தக் காலேஜ் ஆபீசுக்குச் செய்திருப்பார், யாராவது மாடியேறி வந்து அரசி மேடம் யாருங்க என்று கேட்டிருப்பார்கள். யாரும் வரவில்லை. வராதவரைக்கும் நல்லது. ஆனால் தனபாலன் மின்கம்பத்தில் ஏறுகிற ஆட்களோடு எங்காவது சிக்னல் இல்லாத இடத்தில் நின்றுகொண்டிருந்தால்? கூட்டத்தில் யாராவது முறைத்தால் அவனுக்குப் பேச்சு அடைத்துக்கொள்ளும். ஊர்ப் பெயர் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். கண்டக்டர் இரண்டு தடவை கேட்டுவிட்டு, வாயில என்ன கொழுக்கட்டையா என்பார். ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்திருந்தால் யார் வந்து நின்றாலும் எழுந்து இடம் கொடுத்துவிடுவான், பழனி வரைக்கும் நின்றுகொண்டே போய்விடுவான், மலையைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அப்புறம்தான் ஊர் தாண்டிவிட்டது தெரியும். அவளுக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தன. யார் வந்தாலும் எழுந்துவிடுவான். நிற்கிறவருக்குக் கால் வலிக்கும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? தன் இடத்திலிருந்து மட்டுமே உலகைப் பார்க்கிற பிள்ளைக்கு? வேப்பமரத்தில் காக்கை ஒன்று கிளை மாறி உட்கார்ந்தது. அப்போதுதான் அது வந்தது, தேடாமலே, அன்றைக்குக் கேட்ட அதே குரலில். உயர டம்ளரையும் குட்டை டம்ளரையும் பார்க்காமல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு அவன் கேட்டான், “எதுலன்னு சொன்னா நீ சிரிப்ப?” அவ்வளவுதான் கேட்டான். அவள் சோதனை நடத்துகிறவள், சோதனை நடத்துகிறவர் முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்று புத்தகத்தில் இருக்கிறது, அதனால் கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உயர டம்ளரைத் தொட்டான். அவள் நோட்டில் எழுதினாள், கடக்கவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை தாயின் மனசுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, அங்கே என்ன வேண்டியிருக்கிறது என்று தேடியிருக்கிறான். தண்ணீரின் அளவைத்தான் அவன் பார்க்கவில்லை. அவள் அளந்ததெல்லாம் தண்ணீர் மட்டும்தான். சே, எவ்வளவு பெரிய மடச்சி நான் என்று நினைத்தாள். வலித்தது. அந்த வலியிலேயே எங்கேயோ ஒரு சந்தோஷம் கிளம்பி நெஞ்செல்லாம் பரவுவதையும் உணர்ந்தாள். எட்டாவது தாளை இழுத்து முன்னால் வைத்தாள். குண்டு குண்டான எழுத்து, கடைசி வரிக்கு அடியில் கோடு. தப்பு இந்தப் பெண்ணுடையது இல்லை, சொல்லிக்கொடுத்தவளுடையது. பத்துக்குப் பத்து போட்டாள். கட்டுரை வினாவுக்கு முழு மதிப்பெண் போட்டால் நல்லசாமி சார் புருவத்தைத் தூக்குவார், தூக்கட்டும்.

ஒரு மணிக்கு மணியடித்ததும் முதல் ஆளாகக் கீழே இறங்கினாள். பானு சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு, “எங்க மேடம் இந்த ஓட்டம்?” என்றது பின்னால் எங்கோ கேட்டது. டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்கிக்கொண்டு வேப்பமர நிழலுக்கு வந்து பொத்தானை அழுத்தினாள். கம்பெனிப் பெயர் வந்தது, போனது, ஒரு கட்டம் வந்தது, இன்னொரு கட்டம் வந்தது. யாராவது கூப்பிட்டிருந்தால் உடனே மெசேஜ் வரும். ஒன்று வந்தது, நகைக்கடை விளம்பரம். இன்னொன்று வந்தது, பிறந்தநாள் வாழ்த்துக்குப் பானுவின் மகள் அனுப்பிய நன்றி. அவ்வளவுதான். ஒன்று இல்லை, இரண்டு இல்லை, மூன்றும் இல்லை. காலையிலிருந்து கட்டி எழுப்பிய தைரியமெல்லாம் காலடியில் சரிந்தது. தனபாலன் நம்பரைத் தேடினாள். தேடி எடுப்பதற்குள் கையிலேயே போன் அடித்தது. செவ்வேள்.

“அம்மா, வெளிய வந்துட்டியா?”

“வந்துட்டேன்டா. எங்க இருக்க நீ? ஒரு மிஸ்டு கால்கூட வரலையே.”

“நர்சரிலதான் இருக்கேன். பன்னெண்டு மணிக்கே வந்துட்டேன்.” பின்னால் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது, யாரோ தட்டுகளை அடுக்குகிறார்கள். அவன் அவசரப்படாமல் பேசினான், எப்போதும்போல ஒவ்வொரு சொல்லாக வைத்து. “போனை வாங்கி வச்சுக்கிருவாங்க, ஒரு மணிக்குத்தான் தருவாங்கன்னு நீதானம்மா சொன்ன. அப்ப மிஸ்டு கால் குடுத்தா உனக்கு வராதுல்ல. அதான் ஒரு மணி ஆகட்டும்னு இருந்தேன்.”

“நேத்தே தெரியுமா உனக்கு?”

“ம்.”

“பெறகு ஏன்டா சொல்லல? நான் பாட்டுக்கு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன், நீயும் திருப்பித் திருப்பிச் சொன்ன.”

ஒரு தட்டைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. “நீ பயந்துக்கிட்டு இருந்த. சொல்லச் சொல்ல உனக்குப் பயம் கொறஞ்சுச்சு. அதான்” என்றான். பிறகு, “பஸ்ல ஜன்னல் சீட்டு கெடச்சுச்சும்மா. ஒரு அம்மா பிள்ளையோட வந்தாங்க, குடுத்துட்டேன். கத்தரி நாத்து அஞ்சு தட்டு போட்டுட்டேன். நீ சாப்பிட்டியா?”

மங்கையர்க்கரசி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். போனைக் காதோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வேப்பமரத்தைப் பார்த்து இல்லை என்று தலையை ஆட்டினாள். படிக்கட்டுப் பக்கம் அந்தோணி அண்ணன் கூடையோடு இவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா,” என்றான் செவ்வேள். “தலையாட்டுறியா? எனக்குத் தெரியாதும்மா. வாயத் தொறந்து சொல்லு.”